கட்டையைத் தொடாத பெண்

மகாராஜா காலத்து மைசூரில் மனோதத்துவம் படித்த பெண்கள் குறைவு. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ஆசிரியைப் பயிற்சி மாணவிகளுக்குக் குழந்தைகளின் மனதைப் பற்றிப் பாடம் நடத்துவேன். சனிக்கிழமைகளில் மண்டி மொஹல்லாவில் இருந்த ஓர் அநாதை விடுதிக்குப் போய், ஆராய்ச்சிக்காக அங்கிருந்த சிறுமிகளின் புத்தியை அளப்பேன். ‘அளப்பேன்’ என்று கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அளவுகோல் ஒரு மரப்பலகை. அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பள்ளங்கள் இருக்கும். அந்தந்தப் பள்ளத்துக்குரிய கட்டையைக் குழந்தை எடுத்துப் பொருத்த வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒரே ஒரு முறைதான் சொல்லலாம், சிரிக்கக் கூடாது, தட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியரின் விதி. எனக்கு அது வேதவாக்கு.

கொள்ளேகால் பக்கத்துச் சிறுமி ஒருத்தி அங்கே இருந்தாள். ஒன்பது வயதிருக்கும். அப்பா, அம்மா இருவரையும் காலரா கொண்டுபோயிருந்தது. மூன்று சனிக்கிழமை அவளைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தேன். மூன்று முறையும் கைகட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். ‘மந்தபுத்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்தே விடுதித் தலைவி அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். திங்கட்கிழமை பயணம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் போனபோது, சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கழுவிய தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது தட்டுக்கும் மேல் இருக்கும். எல்லாம் கலந்து கிடந்தன. விளிம்பின் நசுங்கலை விரலால் தடவி, யாருடைய தட்டு என்று கண்டுபிடித்து, அவரவர் இடத்தில் மளமளவென்று வைத்துக்கொண்டே போனாள். நான் அவள் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“கட்டைய ஏன் கண்ணு நீ தொடவே இல்ல?”

“வெளியாளுங்க சாமானத் தொட்டா அடி விழுமுங்க. பெரியம்மா சொல்லியிருக்காங்க.” பெரியம்மா என்றது தலைவியை.

“மத்தப் பிள்ளைங்க தொட்டாங்களே?”

“நீங்க போனப்பறம் அவிங்களுக்கெல்லாம் அடி விழுந்துச்சுங்க.”

கெட்டிக்காரிகள் என்று நோட்டில் நான் எழுதிவைத்த அத்தனை பேரும் அதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள்! எத்தனை சனிக்கிழமைகள்! பெரிய படிப்புப் படித்த எனக்கு, ஒரு குழந்தையிடம் ‘ஏன்?’ என்று கேட்கத் தோன்றவில்லையே.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தலைவியின் அறைக்குப் போனேன். மேஜைமேல் பலகையை வைத்தேன். “நான் சொல்றேன், செய் கண்ணு” என்றேன். ஒரு தரம் தலைவியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. கடிகாரம் பார்க்கவே நான் மறந்துவிட்டேன். கடைசிக் கட்டையை வைத்ததும், கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் தலைவிக்கு எதிரே நீட்டினாள்.

தலைவி பூரித்துப்போனார். “நோடி, பாருங்க டீச்சர், எவ்வளவு அடக்கம்! கேக்காமலே கைய நீட்டறா. நான் வளத்த பிள்ளையாக்கும்!”

என் தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். பயணம் நின்றது. “இங்கேயே இருக்கட்டும் விடுங்க” என்றார் தலைவி பெருந்தன்மையாக. நானும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.