அக்காவின் தக்காளிப் பரீட்சை

அடி அண்ணாமலையில் பிறந்த எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அன்று அடுப்படிக்குள் போனவர்தான். கணவரையும் சீக்கிரமே இழந்தார். வேங்கிக்காலில் அலுவலகக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தே மகளைப் படிக்கவைத்தார், எனக்குக் கத்திப் பட்டறையும் வைத்துக் கொடுத்தார்.

நான் அடிக்கும் புது மாதிரிக் கத்தி எதுவும் அக்காவிடம் தேறாமல் கடைக்குப் போனதில்லை. பௌர்ணமி அன்னதானத்துக்கு அக்காதான் காய் நறுக்குவார். பூசணி, கத்தரி, முருங்கை என்று குவிந்து கிடப்பதையெல்லாம் நான் கொடுத்த புதுக் கத்தி ஒன்றாலேயே, சாணைக்கல்லைத் தொடாமல் நறுக்குவார். மாலையில் நன்கு பழுத்த தக்காளி ஒன்றை எடுத்து, அதன்மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுப்பார். தோலில் தானாக இறங்கினால் கத்தி தேறியது.

பெரும்பாலும் இறங்காது. "அமுக்கினாதான் வெட்டுதுடா. காலைல இருந்த கூர் இப்ப இல்ல. எடுத்துட்டுப் போ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். பெண் பார்க்க வருபவர்கள்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள்.

"ஒரு தடவயாவது நல்லாருக்குனு சொல்லேன்க்கா."

"சொல்லிடலாம். மொன்னக் கத்திய அமுக்கி அமுக்கி வாங்கறவங்க கைய வெட்டிக்கிட்டா யாருடா பதில் சொல்றது?"

அக்காவுக்கு நோய் வந்தது எனக்குத் தெரியும். குணமாகி வருகிறது என்று அவர் சொன்னதை நம்பி, பட்டறையே கதி என்று கிடந்தேன். அக்கா மகளிடம் ஒரு புதுக் கத்தி கொடுத்தனுப்பினேன். பௌர்ணமி கழிந்து அக்கா போன் செய்தார். "நல்லா இறங்குதுடா. ஒரு குறையும் இல்ல." குரல் கம்மியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அன்று பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அக்கா இல்லை. காரியத்துக்குப் பாத்திரம் எடுக்கப்போனபோது அலமாரியில் அந்தக் கத்தி இருந்தது. நான் சுற்றிக் கொடுத்த தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"அம்மாவால கரண்டியே புடிக்க முடியல மாமா. தெரிஞ்சா பட்டறைய மூடிட்டு வந்து உக்காந்துடுவீங்கனு என்ன சொல்லவே விடல" என்று மகள் அழுதாள்.

ஆயுசுக்கும் புகழாதவர் புகழ்ந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அந்த வேதனை இன்றும் ஆறவில்லை.

காரியத்துக்கான காய்களை அந்தக் கத்தியாலேயே நறுக்கினோம். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நானே ஒரு தக்காளியை வைத்துப் பார்த்தேன். அமுக்க வேண்டியிருந்தது.

கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைக்கு அலுக்காமல் அழைத்துச் சென்ற ஆட்டோ தம்பிக்கும், அன்னதானக் குழுவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உறவுகளிடம் இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் என் கத்தி இருந்தால் ஒரு தக்காளியை வைத்துப் பாருங்கள். இறங்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அப்படிச் சொல்ல இப்போது எனக்கு யாரும் இல்லை.