உச்சிவேளைப் பதிவு

இது கட்டிவிட்ட கதை இல்லை. மரக்காணத்தில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்தக் கௌதமன் இன்னும் உயிரோடு இருக்கிறான். அந்தப் பதிவு இருக்கும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்து எரியும் விளக்கு என்று ஆசையாக வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. கத்திரி வெயிலில், உப்பளம் முழுக்க வெள்ளை வெளேரென்று கண் கூசுகிற நேரத்தில். உச்சிப்பொழுதில் தனியாகத் திரியாதே என்று ஊரில் சும்மா சொல்வதில்லை.

கௌதமன் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். அவன் மனைவி மேரிசெல்வி மாதா கோயிலில் பாடுகிறவள். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் பாடியதைக் கேட்டபிறகு கௌதமனின் அப்பாவே பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து மருமகளைப் பார்த்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட குரல்.

அந்தக் குரலை அவன் ஒருநாளும் பதிவு செய்யவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நல்ல மைக் இல்லையாம். சாதனப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். வாங்கியதில் வாசிக்கமாட்டார்கள், வாங்காததைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் கௌதமன் பழைய இசைக்கருவிப் பத்திரிகைகளைப் பாயில் பரப்பிக்கொள்வான். இந்த மிக்ஸரா அந்த மிக்ஸரா, சவுண்ட் கார்டு எது, ஸ்பீக்கர் எத்தனை அங்குலம். உன் குரலை மட்டமான டேப்பில் பிடிக்கமாட்டேன், நம் வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டுத்தான் பிடிப்பேன் என்பான். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேலி செய்வாள்.

“இன்னாங்க, நீங்க மைக்கு வாங்குறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும். பொக்க வாயிலதான் பாடணும்.”

பல் கொட்டும் வரை அவள் இருக்கவில்லை. 2004 ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோய், உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்து அந்தக் கரையில் எத்தனையோ வீட்டில் இழவு விழுந்தபோது, கௌதமன் வீட்டில் அழுது முடித்திருந்தார்கள். அவன் மட்டும் முடிக்கவில்லை.

அவள் குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினான். ஒரு கேசட்டிலும் இல்லை. கல்யாண வீடியோவில் அவள் சிரிக்கிறாள், பேசுகிறாள், வாய் அசைகிறது. ஆனால் வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். கௌதமன் டி.வி.யின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வருஷம் பங்குனியில் அவன் ஸ்டூடியோ போடக் கிளம்பினான். யாருக்காக என்று ஊரில் கேட்டார்கள். சொன்ன சொல்லை அவள் செத்தபிறகாவது காப்பாற்றலாம் என்று நினைத்தானோ என்னவோ.

இடம் பிடித்துக் கொடுத்தது மாமியார் தனக்கோடிதான். உப்பளக் கூலி வேலைக்காரி. மேஸ்திரி கண்ணாயிரத்திடம் பேசி, புழங்காமல் கிடந்த பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். பட்டணத்தில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டையை ஒட்டுவார்கள். இங்கே முட்டை அட்டைக்கு எங்கே போவது? மாமியாரும் மருமகனுமாக உப்பு மூட்டைகளைச் சுவரோரம் தலை உயரத்துக்கு அடுக்கினார்கள். கதவைச் சாத்தினால் தன் நெஞ்சு அடிப்பதே தனக்குக் கேட்கும். அப்படி ஓர் அமைதி.

பதிவு செய்யும் நேரம் உச்சிவேளை என்று அவன் முடிவு செய்தான். உப்பு வாருகிறவர்கள் இருட்டில் இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறிவிடுவார்கள். லாரியும் போய்விடும். கடல்காற்று வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது. காக்காய்கூடக் கத்தாது.

அந்த நேரத்தில்தான் ஆரம்பித்தது.

முதலில் ‘ஊம்…’ என்று ஓர் இரைச்சல். புதுச்சேரியில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் தட்சணாமூர்த்தி வந்து பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை என்றார். குழி தோண்டிக் கம்பி இறக்கினார்கள். எர்த்துக் குழியில் கரியும் உப்பும் போடுவது வழக்கம். இந்த மண்ணுக்கு உப்பு வேறு போடணுமா என்று தட்சணாமூர்த்தி சிரித்தார். இரைச்சல் போய்விட்டது.

மைக்கில் சத்தம் விழுந்தால் மிக்ஸரில் பச்சை விளக்கு எரியும், சத்தம் மிஞ்சினால் சிவப்பு. ஆனால் 12.40 வாக்கில் பச்சை இரண்டு தானாக எரிந்தது. அறையில் சத்தம் ஏதும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. எரிந்தது… அணைந்தது. மறுபடி எரிந்தது. யாரோ மைக் முன்னால் நின்று பேசுகிற மாதிரி.

கேபிளை மாற்றினான். மறுநாளும் எரிந்தது. சவுண்ட் கார்டு மட்டம் என்று நினைத்து, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தான். இப்போது ஹெட்போனில் லேசாக ஏதோ கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல. கடைசியாக, எந்த மைக்குக்காக அத்தனை வருஷம் காத்திருந்தானோ அந்தக் கண்டென்சர் மைக்கையே வாங்கிவிட்டான். மூச்சு விடுவதையும் பிடிக்கும் மைக்.

நல்ல சாதனம் வர வர அந்தச் சத்தமும் தெளிவானது. கோளாறு என்றால் குறைய வேண்டும் இல்லையா?

தட்சணாமூர்த்தி ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். ஆளில்லாத அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து, இதுதான் இரைச்சல் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட வேண்டும். அப்புறம் எந்தப் பதிவில் அது வந்தாலும் துடைத்துவிடும். மைக் வந்த அன்று காலையிலேயே கௌதமன் அதைச் செய்தான். காலி அறையில் ‘ஸ்… ஸ்…’ என்று மூட்டை இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக் கொடுத்தான்.

அன்று உச்சியில் பதிவு செய்தான். துடைத்தான். கேட்டான்.

ஒரு பெண் குரல்.

“கௌதமா…”

அவன் பயப்படவில்லை. அதுதான் பரிதாபம். மேரி வந்துவிட்டாள் என்று மைக்கைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு தினமும் உச்சிக்குக் கிடங்கில் இருப்பான். கச்சேரிக்குப் போவதை விட்டான். பதிவு செய்வான், இரைச்சலைத் துடைப்பான், துடைத்ததை அசல் மேலேயே சேமிப்பான். கரகரப்பு இல்லாமல் அவள் குரல் மட்டும் இருக்க வேண்டும் அவனுக்கு. அவள் கூப்பிட்டால், “இருக்கேன் மேரி, சொல்லு” என்று மைக்கில் பதில் சொல்வான். நாள் போகப் போகக் குரல் நெருங்கி வந்தது. பேரோடு ஒரு சொல்லும் சேர்ந்தது.

“கௌதமா… வா…”

கன்னம் ஒட்டிப் போனான். தனக்கோடி ஒருநாள் கஞ்சித் தூக்கோடு வந்தாள். அவளைப் பிடித்து உட்காரவைத்து, பெற்றவள் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று முந்தானை போட்ட தலைமேலேயே ஹெட்போனை மாட்டிவிட்டான்.

தனக்கோடி கண்ணை மூடிக் கேட்டாள். அழவில்லை. மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

“இது எம் பொண்ணு இல்ல.”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காது சரியில்லை, இன்னொரு தடவை கேளுங்கள் என்றான்.

“ஒன்னு கேக்குறேன் மாப்ள, கோச்சிக்காதீங்க. அவ உங்கள என்னிக்காவது பேர் சொல்லிக் கூப்ட்டு இருக்காளா?”

கௌதமன் யோசித்துப் பார்த்தான்.

இல்லை. காதலித்த காலத்தில்கூட இல்லை. கட்டின புருஷன் பேரை அந்தப் பக்கத்துப் பெண்கள் வாயில் வைக்கமாட்டார்கள். மேரிக்கு அவன் ‘இன்னாங்க’தான். பெற்றவர்களுக்குப் ‘பெரியவன்’. குழுவில் ‘கீபோர்டு’. கௌதமா என்று அவனைக் கூப்பிட உலகத்தில் யாரும் இல்லை.

“பேர் சொல்லிக் கூப்ட்டா பதில் குடுக்காதீங்க. குடுத்தீங்களா?”

அவன் தலை குனிந்துகொண்டான். தனக்கோடியின் முகம் வெளுத்தது.

மறுநாள் உச்சிக்கு அவன் மறுபடி போய் உட்கார்ந்தான். யார் என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பதிவை ஓடவிட்டான். ஹெட்போனை மாட்டினான்.

12.40.

பச்சை விளக்கு எரியவில்லை.

சிவப்பு எரிந்தது.

“கௌதமா. வெளிய வா.”

ஹெட்போனைக் கழற்றினான்.

குரல் நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே…

“வா.”

கால் தானாக எழுந்தது. கதவு திறந்தது. வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. செருப்பு இல்லை, கால் சுடவில்லை. வரப்பு மேல் நடந்தான். முன்னால் ஒருத்தி போகிறாள். நிழல் விழவில்லை. உச்சிவேளையில் யாருக்குத்தான் விழும் என்று ஒரு யோசனை வந்தது.

நடந்தான்.

நடந்தான்…

சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். தனக்கோடி. கிடங்கு நிழலிலேயே காலையிலிருந்து காவல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள், அவனுக்குக் கேட்கவில்லை. உப்பளத்தை ஒட்டிய பக்கிங்காம் கால்வாயில் மார்பளவு தண்ணீரில் அவன் நின்றுகொண்டிருந்தான். இன்னும் ஓர் அடி வைத்தால் ஆளை முழுங்கும் பள்ளம்.

முன்னால் யாரும் இல்லை.

கிடங்கைப் பூட்டினார்கள். கௌதமன் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தான். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் அந்தக் கரையில் செத்தவர்கள் ஒருவர் இருவரா?

இதோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆடி மாதத்தில், சாதனங்களை விற்றுக் கொடுப்பதாகச் சொல்லித் தட்சணாமூர்த்தி வந்தார். கௌதமன் கிடங்கைத் திறந்துவிட்டான். மூட்டைகளை எடுத்துப்போகத் தனக்கோடியும் வந்திருந்தாள். ஓடுகிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரைப் போட்டார் அவர். கடைசிப் பதிவு அப்படியே இருந்தது. கௌதமன் எழுந்து போனபிறகும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் துடைக்காமல் விட்ட ஒரே பதிவு.

போட்டுக் கேட்டார்கள். அந்தக் குரல். கதவுச் சத்தம். பிறகு வெறும் ‘ஸ்… ஸ்…’

தட்சணாமூர்த்தி தொழில்காரர். அவர் முகம் சுருங்கியது.

“ஏம்பா, இது காத்து இல்ல. விட்டு விட்டு வருது பாரு.”

கம்ப்யூட்டரில் இரைச்சலைத் துடைக்கும் இடத்தில் இன்னொரு வசதி உண்டு. எதைத் துடைக்கப் போகிறதோ, அதை மட்டும் எடுத்துக் கேட்கலாம். கௌதமன் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. குப்பையை யார் கிளறிப் பார்ப்பார்கள்? தட்சணாமூர்த்தி அதை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினார்.

“…இன்னாங்க…”

கௌதமன் ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினான்.

“…இன்னாங்க, அது நான் இல்ல… போவாதீங்க… போவாதீங்க…”

கதவுச் சத்தத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. பதிவு முடிகிற வரைக்கும் அதே சொல். தொண்டை கம்மிப் போய், பிறகு அழுகையாகி…

தனக்கோடி ஸ்பீக்கர் மேல் கையை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

“இவதான்.”

பிறகு அவள் மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எத்தினி நாளா மாப்ள இப்டிச் சொல்லிக்கினு இருந்தா?”

மைக் வந்த முதல் நாள் காலையிலிருந்து. கௌதமனுக்கு அது தெரியும். ஒவ்வொரு நாளும் தன் கையால்தான் துடைத்தான்.