பனியன் துணி சுற்றிய கை

முதலில் வலிக்கவே இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. வலது கையின் நான்கு விரல்களும் மெழுகுவத்தி போல வெளுத்து, விறைத்து நின்றன. இடது கையால் தட்டிப் பார்த்தேன். மேசையைத் தட்டினது போலச் சத்தம் கேட்டது.

எண்பதுகளின் கடைசியில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சினை ஊசி நிலையத்தில் உதவியாளாக இருந்தேன். மாட்டுக்குச் செலுத்தும் உறைவிந்துக் குச்சிகள் கெடாமல் இருக்க, திரவ நைட்ரஜன் (காற்றில் இருக்கும் ஒரு வாயுவைக் கடுமையாகக் குளிர வைத்து நீர்போல ஆக்கியது) ஊற்றிய அலுமினியக் கேனில் போட்டு வைப்போம். வாரம் ஒரு முறை வண்டியில் பெரிய கேன் வரும். அதிலிருந்து சின்னக் கேன்களுக்கு ஊற்றுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது என்று நினைத்ததால் எதையும் கேட்க மாட்டேன். இயல்பாகவே நான் ஆட்களிடம் பேசக் கூசுகிறவன்.

நிலையத்தில் தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி உண்டு. அது மாட்டு டாக்டரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி சரசு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்தாள். வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு வருவாள். எங்கள் பக்கத்தில் சைக்கிள் துடைக்க, சூடான சட்டி இறக்க, காயத்துக்குக் கட்ட, எல்லாவற்றுக்கும் அந்த பனியன் வேஸ்ட்தான். வண்டி வரும் நாளில் சரசு என் இரண்டு கையிலும் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்புவாள்.

"இறுக்கமா இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது."

"கழண்டு விழுந்தா என்னைக் கேக்காதீங்க."

கழன்று விழுந்திருந்தால் எனக்கு இன்று பத்து விரலும் முழுசாக இருந்திருக்கும்.

அன்று காலை பெரிய கேனைச் சாய்த்து ஊற்றும்போது அதன் அடி வழுக்கியது. கேன் கவிழ்ந்தால் குச்சிகளுக்கு ஊற்ற ஒன்றும் இருக்காது என்ற ஒரே நினைப்பில் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினேன். திரவம் வலது கை மேல் கொட்டியது. அதற்கு முன் ஓரிரு முறை வெறும் தோலில் சொட்டு பட்டு உருண்டு ஓடியிருக்கிறது. அதனால் பயம் விட்டுப் போயிருந்தது. துணியோ அதை உறிஞ்சிக் கொண்டது. ஊறிய குளிர் விரலோடு சேர்ந்து நின்றது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. துணி தகரம் போல ஆகிவிட்டது.

அதோடு வெளியே ஓடியிருக்க வேண்டும். நான் தரையில் ஓடிய திரவத்தை இன்னொரு மூட்டை வேஸ்டைப் போட்டுத் துடைக்கப் பார்த்தேன். ஜன்னல் சாத்தி இருந்தது. வெண்புகை முழங்கால் வரை எழுந்தது. தலை கிறுகிறுத்தது. எப்படியோ கதவைத் தள்ளி வாசலில் விழுந்தேன். வாசனையும் இல்லாமல் எரிச்சலும் இல்லாமல் அந்த வாயு அறையில் இருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். அறைக்குள்ளேயே விழுந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

வீடு இரண்டு தெரு தள்ளி. சரசுவின் அண்ணன் பக்கத்து வீடு. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அன்று அவருக்கும் சரசுவுக்கும் மதிய ஷிப்ட். கையைப் பார்த்ததும் துணியைப் பிடித்து இழுத்தார். துணியோடு கொஞ்சம் தோலும் வந்தது. எனக்குத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த சரசு அலறினாள்.

"ஐசுக்குச் சூடுதானுங்க மாப்ள மருந்து" என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினார். பனியன் துணியை மடித்துத் தேய்த்து, அதே சூட்டோடு என் விரலில் ஒற்றினார். நடுவே விரலைத் தேய்த்தும் விட்டார். "சுடுதுங்களா?"

"இல்லீங்க மச்சான்."

"அப்ப இன்னும் வெக்கலாம்."

உணர்வு இல்லாத விரலுக்குச் சூடு எப்படித் தெரியும்? உறைந்ததன் மேல் வெந்தும் போனது. அவரும் சரசுவும் அன்பில்தான் செய்தார்கள். அதனாலேயே யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இடமே இல்லாமல் போனது.

ஒரு மணி நேரத்தில் வலி வந்தது. அதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் விரல்கள் ஊதி, ரத்தம் கோத்த கொப்புளங்களோடு நின்றேன். "தீக்காயமா?" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "ஆமாங்க" என்றேன். தீக்காய மருந்து பூசிக் கட்டினார்கள். அந்த ஒரு 'ஆமாங்க'வில் இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் கோயமுத்தூரில் அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். கட்டைப் பிரித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது தீயில பட்டதில்ல. என்ன ஆச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா உங்க விரல்தான் போகும். எனக்கு ஒண்ணும் இல்ல."

சரசு எல்லாவற்றையும் சொன்னாள், இஸ்திரிப் பெட்டி உட்பட. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இது உறைபுண் (கடுங்குளிரில் சதையும் ரத்தக் குழாய்களும் உறைந்து கெடுவது) என்றார். பட்ட உடனே திரவம் ஊறிய துணியைக் கழற்றியிருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெதுவெதுப்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கையை அதே தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, நெருப்போ இஸ்திரியோ கிட்டே வரக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி நேராக ஆஸ்பத்திரி. பீடியையும் அன்றோடு விடச் சொன்னார். புகை ரத்தக் குழாயைச் சுருக்குமாம். தலை கிறுகிறுத்த காரணத்தையும் அவர்தான் சொன்னார்.

"வெட்டோணுங்களா?" என்று சரசு கேட்டாள்.

"இப்பச் சொல்ல முடியாது. உயிர் இருக்கிற சதைக்கும் செத்த சதைக்கும் நடுவுல உடம்பே ஒரு கோடு போடும். அதுவரைக்கும் காத்திருக்கணும்."

"எத்தனை நாளுங்க?"

"வாரக் கணக்கு. மாசமும் ஆகலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரசு தலையை ஆட்டினாள். "சரிதானுங்க. சாக்பீஸ் கோடு விழாம நாங்களும் துணியில கத்தி வெக்க மாட்டோம்."

அந்த வாரங்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கையோ காலோ இப்படி ஆகியிருந்தால் மருத்துவர் உங்களையும் காத்திருக்கச் சொல்வார். அது எவ்வளவு எரிச்சலான வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். விரல்கள் கறுத்துக் காய்ந்து சுருங்கின. வாரா வாரம் பஸ்ஸில் ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவேன். கட்டைப் பிரிப்பார்கள், பார்ப்பார்கள், கட்டுவார்கள். "அடுத்த வாரம் வாங்க." புதிய மருந்து இல்லை. சட்டைப் பொத்தானை சரசு போட்டு விட்டாள். எங்கள் மாட்டையும் அவள்தான் கறந்தாள். நான் பக்கத்தில் நின்று வாலைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. "ஐஸ் சுட்டுதாமா! அடுத்தது நெருப்பு குளிருமாட்ட இருக்குதுங்கோ!" என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தது எனக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மச்சான் வேறொரு பக்கம் நெருக்கினார்.

"கருகிப் போனதை வெட்டாம வெச்சுப் பாத்துட்டிருக்கறவரு என்ன டாக்டருங்க மாப்ள? வேற எடம் போலாம்."

"சூடு வெச்ச டாக்டரு சொல்றாரு, கேட்டுக்குங்க" என்றாள் சரசு.

அவர் அதன் பிறகு வெகு நாள் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலோடு நின்று, "கை எப்பிடீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். எனக்கு அதுவும் ஒரு பாரமாக இருந்தது.

பதினோராம் வாரம் கோடு விழுந்தது. மெல்லிய சிவப்புக் கோடு. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் நடு மூட்டுக்குக் கீழே. மற்ற இரண்டில் நகத்துக்கு மேலே, நுனியில். முதல் நாளே வெட்டியிருந்தால் நான்கும் அடியோடு போயிருக்கும் என்றார் மருத்துவர். கோட்டோடு வெட்டியதில் இரண்டு போயிற்று. இரண்டு நின்றது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பூட்டிய அலமாரிதான் நினைவில் வந்தது.

நின்ற இரண்டு விரல்களுக்கும் சூடும் தெரியாது, துணியின் வழவழப்பும் தெரியாது. மழைக்கு முன் மட்டும் உள்ளே வலி குடையும். கறக்க மறுபடி பழகினேன்; கட்டை விரலும் இரண்டு விரலும் போதும் என்று மாடு ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. நின்ற விரல்கள் இழந்த நகங்களில் ஒன்று திரும்பவும் முளைத்தது. அது அரிசி அளவு வளர்வதைப் பார்த்துத்தான் மாதம் போவதைக் கணக்கிட்டேன்.

நிலையத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கையுறை அலமாரிக்கு வெளியே ஆணியில் தொங்கியது. கையை உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வான கையுறை. கண்ணுக்குக் கண்ணாடியும் வந்தது. ஜன்னலைக் கழற்றிக் கம்பி வலை அடித்தேன். பனியன் வேஸ்டை அந்த அறைக்குள் விடுவதில்லை.

சில வருடம் கழித்து, புதிதாக வந்த டாக்டரம்மா முன்னால் வண்டிக்காரரின் கை தவறிப் பெரிய கேன் உருண்டது. மூடி தெறித்தது. வண்டிக்காரர் வெளியே பாய்ந்துவிட்டார். புகைக்குள் கேன் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதை நிமிர்த்த உள்ளே ஓடினார்.

"வெளிய வாங்க!" என்று வாசலிலிருந்து கத்தினேன். அப்படி நான் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. அதுவும் ஒரு அதிகாரியை. அவர் திகைத்துத் திரும்பினார். கதவை அகலத் திறந்து விட்டு, அவரோடு காற்று வரும் பக்கம் போய் நின்றேன்.

"குச்சியெல்லாம் போயிருமே! தண்ணி ஊத்தலாமா? எதையாவது போட்டுத் துடைக்கலாமா?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. அது தானாப் போயிரும்."

"எவ்வளவு நேரம்?"

"நின்னாத்தானுங்க தெரியும்."

அவர் எரிச்சலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். புகை வாசற்படியைத் தாண்டி வந்து, தரையோடு படிந்து, கரைந்தது. அவர் ஓரடி எடுத்து வைத்தார். நான் வலது கையைக் குறுக்கே நீட்டினேன். புகை போனாலும் காற்று திரும்பியிருக்காது. அவர் என் கையைப் பார்த்தார். முழுசாக இல்லாத இரண்டு விரல்களையும் பார்த்தார். எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. இருவரும் வேப்ப மரத்தடியில் நின்றோம். இல்லாத சுண்டு விரலின் நுனி சில்லென்று குளிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு அவசரம் இல்லை.