காட்கோபர்க்காரரோடு அப்பா போடாத சண்டை

அப்பாவின் மூச்சு அடங்கியபோது அருகில் இருந்தவர்கள் அம்மா, செம்பூர் அத்தை, நான். சித்தப்பா வாஷியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். வராதவர்கள் நால்வர். கூப்பிட்டும் வராதவர்கள். மும்பை தாராவியில் எங்கள் தெருமுனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, உலகத்துக் குத்துச்சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகையால் போடவில்லை.

அப்பா பிறந்தது நாங்குநேரிப் பக்கம். மீசை அரும்பும் முன்பே தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் சேர்ந்தார். பகலில் ஈரத்தோல் சுமந்தார். மாலையில் பட்டறைக்குப் பின்னால் மணல்மூட்டையைக் குத்தினார். மாட்டுங்காவிலும் தாதரிலும் மேடையேறி ஜெயித்தார். அதே காலத்தில் காட்கோபரில் நம் தமிழ் ஆள் இன்னொருவர் தோல்வியே காணாமல் இருந்தார். இருவருக்கும் சண்டை நிச்சயமானது. அதற்குச் சில நாள் முன்பு, தண்டவாளத்தைக் கடக்கும்போது காட்கோபர்க்காரர் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அப்பா போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு கையுறை மாட்டவில்லை.

பட்டறை மூடிய பின் ஒரு கட்டிடத்தில் காவல் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிக்குப் போனது அந்தச் சம்பளத்தில்தான்.

அப்பா விட்ட சண்டையை இந்த நால்வரும் விடவில்லை. முதலில் சுதி சேர்க்க, வெவ்வேறு காலத்து அமெரிக்கச் சாம்பியன்கள் இருவரை ஒரே மேடையில் ஏற்றி மோதவிடுவார்கள். அது முடிந்ததும் அப்பாவையும் காட்கோபர்க்காரரையும் ஏற்றுவார்கள். நால்வரில் ஒருவரும் வாழ்நாளில் கையுறை மாட்டியவர் அல்லர். ஒருவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் தீர்ப்பில் தயக்கமே கிடையாது. எப்போதும் அப்பாதான் தோற்பார். இறந்தவருக்கு வயதாகாது, தொப்பை விழாது. வருடத்துக்கு வருடம் அவர் கை நீண்டுகொண்டே போயிற்று. அப்பாவோ டிபன் டப்பாவோடு அந்த வழியே நடந்து வருவார்.

"அண்ணாச்சி, காட்கோபர்க்காரன் ஒரு குத்து விட்டிருந்தாம்னா உங்களுக்குச் சொந்த ஊரு பேரே மறந்துருக்கும், கேட்டியளா?" என்பார் நால்வரில் ஒருவரான மளிகைக்கடைக்காரர்.

"அவன் எங்கவே குத்துனான்? நீருதான் வாயாலயே குத்துதீரு" என்று அப்பா சிரித்துக்கொண்டே வருவார்.

வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது. "நீ சொல்லு, நான் தோத்திருப்பனா?" என்று அம்மாவிடம் கேட்பார்.

"பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்பார் அம்மா.

ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே ஏக்கம்தான். "இன்னைக்காவது என்னைய ஜெயிக்க வச்சானுவளால?" என்று கேட்டார். பொறுக்காமல் டீக்கடைக்குப் போனேன். "ஒரே ஒரு தடவ வந்து, நீங்கதான் ஜெயிச்சிருப்பியன்னு அப்பாட்ட சொல்லுங்க மாமா" என்றேன்.

நால்வரில் இன்னொருவரான இன்சூரன்ஸ் ஏஜென்ட் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி, படிச்ச பையன் நீ. பொய் சொல்லச் சொல்லுதியே? கேம்ல நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"வேணும்னா டிரான்னு சொல்லலாம்" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"டிராவா? காலிபீலியா, சும்மா எதையாவது சொல்லாதயும்வே. பாக்ஸிங்னா பக்கா ரிசல்ட் வேணும்!" என்றார் ஏஜென்ட்.

நான் நிற்பதை மறந்து, டிரா செல்லுமா செல்லாதா என்று சண்டை பிடித்தார்கள். கடைசியில், "ஞாயித்துக்கெழம வாரோம், போ" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை வாசலையே பார்த்திருந்தார். நால்வரும் டீக்கடையில் இருந்தார்கள். அடி வாங்காதவர்களின் நியாயம் அவ்வளவுதான்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். மயானத்துக்கு நால்வரும் முதல் ஆளாக வந்தார்கள்.

"மூணாவது ரவுண்டுலயே முடிச்சிருப்பாருல்லா உங்கப்பா! காட்கோபர்க்காரன்லாம் இவரு முன்னால நிக்க முடியுமா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"நிக்கவா? ரெண்டாவதுலயே காலி" என்றார், நியாயம் பேசிய ஏஜென்ட்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அப்பா பாடையில் கிடந்தார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்கள்.

அப்பாவைத் தூக்கிப் புரட்டி, முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட ஆஸ்பத்திரித் தாதிகளுக்கும், ரத்தம் கொடுத்த பக்கத்துச் சால் குடியிருப்பு நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. நால்வரையும் விட்டுவிட முடியாது. எல்லாரும் சேர்ந்து அப்பாவுக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார்கள். போட்டுவிட்டு, என் காதுபடவே அதன் விலையைப் பங்கு பிரித்தார்கள். அத்தனை வருடம் அப்பாவை வீழ்த்தியதற்கு அவர்களுக்கு ஆன மொத்தச் செலவு, தலைக்கு நாற்பது ரூபாய்.