மொகிலி இறக்கத்தில் நின்ற வண்டி

நைனா என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவருடைய வெள்ளை வேனில் ஒரு முறையாவது ஏறியவர்கள். மீதிப் பேர் அதைத் தள்ளியவர்கள். "நைனாவோட பொறப்பு, வளர்ப்பு, நல்ல கொணம் எல்லாம் எழுது. வண்டிக் கதை மட்டும் வேணாம்" என்று சொல்லித்தான் அண்ணன் இந்தப் பக்கங்களை என்னிடம் ஒப்படைத்தார். முதல் மூன்றையும் எழுதுகிறேன். ஆனால் வண்டியை விட்டுவிட்டு நைனாவை எழுத எனக்குத் தெரியவில்லை, அண்ணன் மன்னிக்க வேண்டும்.

நகரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், வேர்க்கடலை பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் நைனா பிறந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மழை பொய்த்துக் கிணறும் வற்றியபோது, தம் பங்கு நிலத்தையும் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சித்தப்பாவிடம் விட்டுவிட்டு ரேணிகுண்டாவுக்குப் போய் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். அங்கே வண்டி பிரிக்கவும் பூட்டவும் கற்றார், ஓட்டவும் கற்றார். பிறகு யாரோ ஓட்டிச் சலித்த அந்த வேனை வாங்கி, ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களைத் திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று அழைத்துப் போவதைத் தொழிலாக்கிக்கொண்டார். பெட்ரோல் விலை கையைக் கடிக்கத் தொடங்கியதும் வண்டிக்கு கேஸ் கிட் பொருத்தினார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் கொஞ்சம் ஓடியதும் சுவிட்சைத் தட்டினால் கேஸுக்கு மாறிக்கொள்ளும்.

கூட்ட நாளில் வாடகையை ஏற்ற மாட்டார். தரிசனம் முடிந்து வரத் தாமதமானவர்களை விட்டுவிட்டு வர மாட்டார். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், பாசம் வந்தால் தமிழில் திட்டுவார். ஆக மொத்தம் திட்டாத நேரம் குறைவு. அம்மா எங்களைச் சீக்கிரமே விட்டுப் போனபின், ஸ்டேஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னிவிட்டதும் அவர்தான். அந்தச் சடையோடு நான் பள்ளிக்கூடம் போய்ப் பட்ட கேலி கொஞ்சமல்ல.

என்னைப் பலமனேரில் கட்டிக் கொடுத்தார். கொடுத்த நாள் முதல் ஒரு நியமம் வைத்துக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடலாம், இரவு தங்கக் கூடாது. என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் மாலை பஸ்ஸில் ஏறிவிடுவார். மழை கொட்டினாலும் ஏறிவிடுவார். "இருந்துட்டுக் காலைல போயேன் நைனா" என்றால், "பொண்ணு ஊட்ல படுத்துக்கினு கீறேன்னு நாலு பேரு பேசவா?" என்பார். அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்களில் இருக்கலாம்.

என் கணவர் திடீரென்று காலமானார். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் எனக்கு ஒரே வழியைத்தான் காட்டினார்கள். நைனாவும் அதையே சொன்னார்: "ஊட்டுக்கு வந்துடு பாப்பா." வீடு என்று அவர் சொன்னது புத்தூரில் அண்ணன் வீடு. ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் அண்ணனும், அண்ணியும் என்னை மனதாரக் கூப்பிட்டார்கள். ஆனால் என் மகளின் பள்ளிக்கூடம் பலமனேரில் இருந்தது. சித்தூர் ஓட்டல்களுக்குத் தயிர் போடும் தொழிலை நானும் கணவரும் அப்போதுதான் நிலைநிறுத்தியிருந்தோம். அதை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் ஓர் ஓரமாக உட்கார எனக்கு மனம் வரவில்லை. வரமாட்டேன் என்றேன். நைனா இரண்டு மொழியிலும் திட்டினார். அடுத்த வாரம், கல்யாணத்துக்கு முன் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே வேனை ஓட்டிவந்து என் வாசலில் நிறுத்தினார். கண் மங்கியதால் ஸ்டேஷன் சவாரியை அதற்குச் சற்று முன்புதான் நிறுத்தியிருந்தார். "தயிர் கேனை பஸ்ல தூக்கிக்கினு அலைய வேணாம், இத எடுத்துக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் போய்விட்டார்.

வெயில் காலம் முழுவதும் வண்டி சமர்த்தாக ஓடியது. ஐப்பசியில் பலமனேருக்கே உரிய குளிர் இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலையில் தயிர் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். ஊரைத் தாண்டும்வரை கேஸில் ஒழுங்காகப் போகும். மொகிலி மலைப்பாதையில் இறங்கத் தொடங்கியதும் இருமும், இழுக்கும், நின்றுவிடும். பெட்ரோலுக்கு மாற்றினால் ஓடும். ஆனால் தினமும் பெட்ரோலில் போனால் தயிர் விற்ற லாபத்தைப் பெட்ரோல் பங்கில்தான் கொட்ட வேண்டும். தாமதமாகப் போனால் ஓட்டல்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார்கள்.

சித்தூரில் மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் பிளக்கை மாற்றினார், ஒருவர் ஏர் ஃபில்டரை மாற்றினார், இன்னொருவர் கேஸ் ஃபில்டரை மாற்றினார். ஆனால் நான் அங்கே போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும், வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஓடும். மூவரும் கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மீரே நடுபுதாரா அம்மா?" என்று கேட்டார்கள். நானேதான் ஓட்டுகிறேன் என்று மூவரிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

செய்தி எப்படியோ நகரிவரை போய்விட்டது. அவளால் முடியவில்லையாம், தினமும் மலையில் நிற்கிறாளாம் என்று பேச்சு கிளம்பியது. வண்டி ஒவ்வொரு முறை நின்றபோதும், நான் புத்தூருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவருவதாக எனக்குப் பயமாக இருந்தது. சில காலைகளில் அந்த மலைப்பாதையில் தயிர் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

நைனா தாமே பார்க்க வந்தார். புத்தூரில் காலை பஸ் பிடித்தால் பலமனேர் வர நடுப்பகல் ஆகும். சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வருவார். "நல்லாத்தான் கீது. நீ கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஓட்டறியா இன்னா?" என்பார். மாலை பஸ்ஸில் போய்விடுவார். இப்படியே ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்தது. கடைசியாக வந்த அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நைனா, வண்டி நிக்கறது விடிகாலைல. நீ வந்து பாக்கறது மத்தியானம். நீ ராத்திரி இங்க படுக்காம அது எப்படித் தெரியும்? இன்னிக்குத் தங்கு. இல்லன்னா சாவிய எடுத்துக்கினு போயிடு, நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

பஸ் நேரம் வந்தது, போனது. நைனா செருப்பைப் போடாமல் உட்கார்ந்தே இருந்தார். இரவு சாப்பாடு ஆனதும் என் மகள் பாயை விரித்தாள். அவர் அதன் ஓரத்தில், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர்போல ஒடுங்கிப் படுத்தார்.

விடியலில் நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். துண்டைக் காதோடு சுற்றியிருந்தார். மொகிலி இறக்கத்தில் பாதி தூரம் போவதற்குள் வண்டி வழக்கம்போல இருமி, இழுத்து, நின்றது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ஓரம் கட்டி, என்ஜினுக்கு மேலிருக்கும் சீட்டைத் தூக்கினேன். சிலிண்டரிலிருந்து வரும் கேஸை ஆவியாக்கும் ரெடியூசர் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அதற்குச் சுடுதண்ணீர் கொண்டுவரும் குழாயை நைனா தொட்டுப் பார்த்தார். இறங்கிப் போய் ரேடியேட்டரையும் தொட்டார். அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா?"

"சில்லுனு கீது பாப்பா. என்ஜின் தண்ணி சூடானாத்தான் ரெடியூசர் வேலை செய்யும். தண்ணி சூடாகறவரைக்கும் அத ரேடியேட்டர் பக்கம் போக வுடாம மூடிக்கினு ஒரு வால்வு இருக்கும். அத நான்தான் கழட்டிட்டேன்."

திருப்பதி வெயிலில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும்போது என்ஜின் கொதிக்காமல் இருக்க, அந்தப் பக்கத்தில் அந்த வால்வைக் கழற்றிவிடுவது வழக்கமாம். அவரும் எப்போதோ கழற்றியிருக்கிறார். அங்கே அது இல்லாததே தெரியவில்லை. பலமனேர் குளிரில், பாரம் இழுக்காமல் இறங்கும் பாதையில், எதிர்க்காற்று அடிக்க அடிக்க என்ஜினுக்குச் சூடே ஏறவில்லை.

நான் அவரைத் திட்டினேன். மார்கழி வரைக்கும் நான் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்து, லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். "ஒரே ஒரு ராத்திரி தங்கியிருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்குமே!" என்று கத்தினேன். வாழ்நாள் முழுக்கத் திட்டிய மனிதர் அன்று கல்லில் உட்கார்ந்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நான் முடித்ததும், "சரி, பெட்ரோல்ல போடு. தயிர் புளிச்சிடும்" என்றார். சித்தூரில் தயிரை இறக்கிவிட்டுப் புது வால்வு வாங்கினோம். என் வாசலில் உட்கார்ந்து தாமே பொருத்தினார். அன்று மாலை பஸ்ஸுக்கும் அவர் போகவில்லை. மறுநாள் விடியலில் வண்டி கேஸிலேயே மொகிலி இறங்கியது. அடிவாரத்தில் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

தை மாதம் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் சித்தப்பா பேச்சை எடுத்தார்: "எண்ணா, அந்த ஓட்டை வண்டிய வித்துட்டுப் பொண்ண இட்டாந்துடேன். பொம்பளையால ஆவற வேலையா அது?" நைனா எச்சில் கையோடு எழுந்தார். பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "வண்டி மேலயும் தப்பு இல்ல, எம்பொண்ணு மேலயும் தப்பு இல்ல. நான் கழட்டிப் போட்ட சாமானால நின்னுது. மூணு மெக்கானிக்குக்குத் தெரியல, எனக்கே தெரியல. அது எந்த நேரம், எந்த எடத்துல நிக்குதுன்னு சரியாப் பாத்துச் சொன்னது அவதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்து பாயசம் கேட்டார். எனக்கு இலை தெரியவில்லை, கண் மறைத்தது. நைனாவின் குணம் என்ன என்று என்னைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். தப்பு தம்முடையது என்று தெரிந்த பிறகு அதை மூடிவைக்க அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு மாதத்தில் சில நாட்கள் எங்களோடு தங்கினார். சென்ற ஆண்டு மூச்சுத் திணறல் வந்து திருப்பதியில் மருத்துவமனையில் சேர்த்தோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொன்னதும், அண்ணன் புத்தூருக்குக் கார் ஏற்பாடு செய்தார். நைனா என் பக்கம் திரும்பி, "பலமனேருக்கு உடு பாப்பா" என்றார். மகன் இருக்கும்போது மகள் வீட்டிலா என்று பேச்சு வந்தது. அண்ணனுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவரே நைனாவைத் தூக்கி வேனில் படுக்க வைத்தார். அண்ணி என் வீட்டிலேயே வந்து தங்கி, கடைசிவரை கஞ்சி ஊட்டினார். இருவருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது?

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், அந்த நாட்களில் தயிர் தாமதமானாலும் வேறு ஆளைத் தேடாத சித்தூர் ஓட்டல்காரர்களுக்கும், ஸ்டேஷனில் சவாரியை விட்டுவிட்டுத் தோள் கொடுக்க வந்த ரேணிகுண்டா டிரைவர்களுக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நேரில் வர முடியாமல் போனில் விசாரித்த உங்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். "எங்க கீற, புத்தூர்லயா, பொண்ணுகிட்டயா?" என்றுதான் எல்லோரும் கேட்டீர்கள். போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தது நான். மூச்சு வாங்க வாங்க, உங்கள் ஒவ்வொருவருக்கும் நைனா ஒரே பதிலைச் சொன்னார்.

"ஊட்லதான் கீறேன்."