அலர்ஜி என்று எழுதப்பட்ட கைகள்

கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி தன் நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். சரோஜா அக்காவுக்கு மட்டும் அந்தப் பெயரைத் தோட்டமே வைத்து அனுப்பியது. களைக்கொல்லி அவர் கைகளைச் சுட்டது. பழியை அவர் உடம்பின்மேல் போட்டார்கள்.

எல்லாருக்கும் அலர்ஜி

பல்கலைக்கழக விடுமுறையில், மலேசியாவின் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் வேலை. படிப்பது உயிரியல், வாய் சும்மா இருக்குமா? அரிப்பு, தும்மல், வயிற்றுவலி என்று எது வந்தாலும் அலர்ஜி என்பார்கள். தீங்கே செய்யாத ஒன்றை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போவதுதான் அலர்ஜி என்று விளக்குவேன். ஒரு லாரிக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப என் மாமியாருக்கு நான்தான் அலர்ஜி லா, தங்கச்சி.”

கையில் கொண்டுவந்த சீட்டு

சரோஜா அக்கா செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிப்பவர். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்திருந்தது. தோட்டத்துச் சீட்டில் ஏற்கெனவே ‘அலர்ஜி’ என்று இருந்தது. டாக்டரும் அதையே பார்த்து எழுதினார்.

“டாக்டர், அந்த மருந்து பட்டால் யார் தோலும் வேகும். இது வேலையில் பட்ட காயம். அப்படித்தானே எழுதணும்?” என்றேன். அவர் நிமிரவேயில்லை. “நீ அடுத்த ஆளைக் கூப்பிடு.”

நாளுக்கு ஒருத்தர்

பதிவு அட்டைகளைப் புரட்டினேன். அதே தோட்டம், அதே மருந்தடிக்கும் பெண்கள். திங்கள் ஒருத்தர், செவ்வாய் ஒருத்தர், இப்படியே வெள்ளிவரை ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அலர்ஜி!

கட்டு மாற்ற வந்த அக்காவிடம் கேட்டேன். முதுகில் சுமக்கும் பம்பு ஒழுகுகிறதாம். கையுறை கிழிந்து மாதக்கணக்காகிறதாம். “ஒண்ணாப் போனா கேள்வி வரும்னு எங்களை வேலை வாங்குற மண்டோர் நாளுக்கு ஒருத்தராத்தான் அனுப்புவாரு. கடைசி ஆளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் எரியும்.”

கடிதத்துக்குப் பதில்

ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் அலர்ஜி வராது, பம்பைப் பாருங்கள், கையுறை கொடுங்கள் என்று தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அக்கா தயங்கினார். நான் விடவில்லை, பேசிப் பேசியே ஐவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை எனக்கு.

மண்டோர் கிளினிக்குக்கே வந்தார், ரொம்ப மரியாதையாக.

“கடுதாசியைப் பார்த்தாங்கம்மா. அலர்ஜி உள்ளவங்களுக்கு இந்த வேலை ஆகாதுன்னு அஞ்சு பேரையும் நிறுத்தியாச்சு.”

“பம்பு?”

“பம்புக்கு என்ன? நாளைக்குப் புது ஆளுங்க தூக்குவாங்க லா.”