பொன்னுருக்கிய நாளின் சூரியன்

பருத்தித்துறையில் பராசக்தியின் கோபத்தை அறியாதவர்கள் இல்லை. கோபம் வந்தால் கண் மண் தெரியாது. தணிந்துவிட்டால் அவளைப்போல இளகிய மனம் ஒருவருக்கும் வராது. இரண்டுக்கும் நடுவே கிடந்த கொஞ்ச நேரத்தில்தான் ஒரு சேதம் நடந்துபோனது.

தாய் போனபின் தம்பி பிரகலாதனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். இப்போது அவன் பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். கைத்தொலைபேசி எட்டாத தூரத்திலிருந்து, மதியத்தில் ஒருமுறை வயர்லசில் கதைப்பான். அதற்கென்றே கூரையில் கம்பி இழுத்து, வீட்டில் ஒரு வயர்லஸ் செற் வைத்திருந்தாள். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டு, "ஓம் அக்கா" என்ற பதில் வந்தபிறகே தன் சோற்றில் கைவைப்பாள்.

2024இல் அவளுடைய மகன் சுதாகரனுக்குக் கல்யாணம் பொருந்தியது. தாலிக்குப் பொன்னுருக்க அட்சய திருதியை வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். பொன் நாணயத்தைத் தட்டில் ஏந்தி, அதை உருக்கித் தாலி செய்யும் ஆசாரியாரிடம் கொடுப்பது தாய்மாமன் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தத் தாய்மாமனான தம்பியைக் கேட்காமலே பராசக்தி நாளைக் குறித்துவிட்டாள்.

"நான் கடலிலை நிக்கேக்கை செய்யப்போறியோ? செய்" என்று முறித்துக்கொண்டு படகேறினான் பிரகலாதன். அதன்பிறகு மதியங்களில் இருவருமே கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பராசக்திக்கு மனம் கேட்கவில்லை. 'வாறன், பொறு' என்று அவன் ஒரு சொல் சொன்னால் நாளைத் தள்ளிவைப்பது என்று தீர்மானித்துச் செற்றின் முன்னால் குந்தினாள்.

"தம்பி, அக்கா கதைக்கிறன். கேக்குதே?"

மெல்லிய இரைச்சல் மட்டுமே வந்தது. தொண்டை வரளக் கூப்பிட்டாள். வேறு படகுக்காரரின் குரல்களும் அன்று கேட்கவில்லை என்பதை யோசிக்கக் கோபம் விடவில்லை.

"கேட்டுக்கொண்டும் வாய் திறக்கிறானில்லை. அவ்வளவு திமிர்!" என்று செற்றை அணைத்தாள்; பிறகு அதைப் போடவேயில்லை. நாணயத் தட்டைத் தன் கணவனின் தம்பி கையில் கொடுத்தாள்.

பொழுதுசாயப் பிரகலாதன் வாசலில் வந்து நின்றான். உடம்பில் உப்புநீர் காயவில்லை. விரித்த வலையை அரைகுறையாக இழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். உருகிய பொன்னைப் பார்த்தான், அப்படியே திரும்பிப் போனான். கல்யாணத்துக்கும் வரவில்லை.

கல்யாணம் முடிந்தபின் ஒருநாள் சுதாகரன் எதையோ வாசித்துவிட்டுச் சொன்னான்: அந்த வெள்ளி மதியம் சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்ததாம்; வெயில் விழுந்த பக்கமெல்லாம் தூரத்து வானொலிகள் ஊமையாயினவாம். அதற்கு முன்னமே சூரியன் கக்கிய துகள்புயல் அன்றிரவு வந்துசேர்ந்து, பூமியின் காந்தப்புலத்தையே உலுப்பிவிட்டதாம்.

பராசக்தி அழுதாள். பிறகு மனம் லேசாகிவிட்டது. பழி சூரியன்மேல் அல்லவா? செருப்பைக்கூட மாட்டாமல் தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

"வாங்கோ" என்றான், முன்பெல்லாம் 'வா அக்கா' என்றவன்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஓம். ஒரு மணித்தியாலம் போலை எங்கடை செற்றும் செத்துத்தான் கிடந்தது," என்றான். "பிறகு நல்லாய் வேலை செய்தது. 'வாறன், பொறு அக்கா' எண்டு கரை தெரியுமட்டும் கூப்பிட்டுக்கொண்டு வந்தனான்."